கார்டில் எழுதாத வரி

அந்தக் கடையில் விற்பவர்கள் உட்காரக் கூடாது. காலை பத்துக்குக் கதவு திறந்தால் மாலை ஏழு வரை நிற்க வேண்டும். சாயவும் கூடாது. கண்ணாடிக் கவுண்டரில் முழங்கை பட்டால் தடம் விழும் என்பார் மேனேஜர். டீச்சர் அங்கே பதினோரு வருடம் நின்றிருந்தாள்.

டீச்சர் என்பது பட்டப்பெயர். அவள் எந்தப் பள்ளியிலும் பாடம் நடத்தியதில்லை. அடுத்தவர் எழுதிய விலைச்சீட்டை வாங்கிப் பிழை திருத்துவாள். யாராவது தட்டில் நான்காவது நகையை வைத்தால் எதிர்க் கவுண்டரிலிருந்தே மூன்று விரலைக் காட்டுவாள். வெல்வெட் தட்டில் மூன்றுக்கு மேல் இருக்கக் கூடாது. நான்காவதை எடுத்தால் ஒன்று உள்ளே போக வேண்டும். எது காணாமல் போனாலும் மூன்றில் தெரியும், ஏழில் தெரியாது.

அவளுக்குக் கண் அப்படி. பழைய மோதிரத்தை மாற்ற வருபவர்கள் உள்பக்கம் பொறித்த பெயரைத் தேய்த்துவிட்டுக் கொண்டுவருவார்கள். டீச்சர் அதை விளக்கடியில் சாய்த்துப் பிடித்துப் படித்துவிடுவாள். படித்ததைச் சொல்ல மாட்டாள். மோதிரத்தைத் தட்டில் வைத்துவிட்டு, "என்ன மாதிரி பாக்கறீங்க?" என்று கேட்பாள்.

கடையின் முன்பக்கம் சென்ட், நடுவில் கைக்கடிகாரம், உள்ளே நகை. நகைப் பிரிவுக்கு மேலே ஒரு மாடி அறை. பெரிய வாடிக்கையாளர்களுக்கு மட்டும். அங்கே கடிகாரம் கிடையாது, வாங்க வருபவர்கள் நேரம் பார்த்துவிடக் கூடாதென்று. ஒரு மேஜை, ஒரு கண்ணாடி, இரண்டு நாற்காலி. ஒன்று வாங்குபவருக்கு. இன்னொன்று விற்பவருக்கு.

அந்த இரண்டாவது நாற்காலி மேல்தான் டீச்சருக்குக் கண்.

அறையைப் பார்த்துக்கொண்டிருந்த அம்மாள் வேலையை விட்டு மகனோடு இருக்கப் போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. மாதக் கடைசியில் ஆளைச் சொல்வதாக மேனேஜர் சொல்லியிருந்தார். டீச்சருக்குத்தான் என்று கடை முழுக்கப் பேசிக்கொண்டார்கள். டீச்சர் குதிகால் உயர்ந்த செருப்பு ஒன்று மட்டும் வாங்கி வைத்துக்கொண்டாள். உட்காருகிற வேலைக்கு எந்தச் செருப்பும் தாங்கும்.

சென்ட்டு நகைப் பிரிவுக்கு வந்தது அதற்கும் நான்கு மாதம் முன்னால்.

சென்ட்டும் பட்டப்பெயர்தான். நான்கு வருடம் சென்ட் கவுண்டரில் நின்றவள். வயது இருபத்தேழு இருக்கும். வந்து ஆறு மாதம் ஆகியும் மேலே அந்த வாசனை போகவில்லை. அவள் வருவதற்கு முன் வாசனை வந்துவிடும், போன பிறகும் நிற்கும். பேச்சு அதைவிட மோசம். ஒரு கணவன் மனைவி வந்து நின்றால், "உங்களுக்கா சார் பிடிக்கணும், இவங்களுக்கா? இப்பவே சொல்லிடுங்க, சண்டையை வெளிய போய் வெச்சுக்கலாம்" என்பாள். டீச்சருக்குக் கூசும். அவர்கள் சிரித்துக்கொண்டே வாங்கிப் போவார்கள்.

டீச்சர் யாரையும் எதுவும் கேட்டதில்லை. பார்ப்பாள். மோதிரம் கழற்றிய விரலில் வெளுத்த வளையம் இருந்தால் பார்ப்பாள். விலைச்சீட்டைத் திருப்பும் விரல் எந்த இடத்தில் நிற்கிறதென்று பார்ப்பாள். பார்த்ததை ஒரு நோட்டில் எழுதி வைப்பாள். கடைக்கென்று வாடிக்கையாளர் கார்டு தனியாக உண்டு. அது டிராயரில் இருக்கும், யாரும் எடுக்கலாம். நோட்டு அவளுடையது. அவள் பையில் இருக்கும். பதினோரு வருடத்தில் ஐந்து நோட்டு.

சென்ட்டிடம் நோட்டு இல்லை. பேனாவே அடுத்தவரிடம்தான் வாங்குவாள். ஆனாலும் ஐந்தாவது மாதத்தில் அவளுடைய விற்பனை டீச்சரைத் தாண்டியது. மேனேஜர் காலைக் கூட்டத்தில் எல்லோரையும் கைதட்டச் சொன்னார். டீச்சர் தட்டினாள். முதலில் தொடங்கியதும் அவள்தான், கடைசியில் நிறுத்தியதும் அவள்தான்.

அதற்குப் பிறகு நகையை விட்டுவிட்டு சென்ட்டைப் பார்க்க ஆரம்பித்தாள். அவள் எத்தனை முறை சிரிக்கிறாள், யார் தோளைத் தொடுகிறாள், தட்டைத் துடைக்கிறாளா, டீ குடிக்க எத்தனை நிமிடம் எடுக்கிறாள். இதற்கு டீச்சர் தனக்குள் ஒரு பெயர் வைத்திருந்தாள். அக்கறை.

ஒரு நாள் மாலை வீட்டுக்குள் நுழைந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். வீட்டில் அந்த வாசனை. எட்டாவது படிக்கும் மகள் மணிக்கட்டை மூக்கில் வைத்துக்கொண்டு சோபாவில் கிடந்தாள்.

"என்னடி வாசனை இது?"

"சென்ட்டு சித்தி குடுத்தாங்க. கடைப்பக்கம் வந்தேன்ல, அப்ப. குட்டி பாட்டில், ஆறு."

"சித்தியா? எந்த வழியில சித்தி?"

"உன்னை அக்கான்னுதானே கூப்பிடறாங்க? அப்ப எனக்குச் சித்திதானே?"

சமையலறையிலிருந்து கணவர் எட்டிப் பார்த்தார். அவர் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். நக இடுக்கில் கறுப்பு மசகு எப்போதும் இருக்கும். "பொண்ணு உறவுமுறையில நூத்துக்கு நூறு" என்றார்.

டீச்சர் ஜன்னலைத் திறந்துவிட்டாள்.

"உனக்கு அந்தப் பொண்ணைப் பிடிக்கலையா?" என்றார் அவர், தட்டு வைத்துக்கொண்டே.

"எனக்கு எதுக்குப் பிடிக்கணும், பிடிக்காம இருக்கணும்? அவளுக்கு வேலை தெரியல. அவ்வளவுதான்."

"விக்கறாளா?"

"விக்கறா."

"அப்ப தெரியுதுன்னுதானே அர்த்தம்?"

"நீங்க உங்க லிஃப்டைப் பாருங்க."

"அதைத்தான் பாக்கறேன் இருபது வருஷமா. பட்டனை அமுக்கறவன் மேல போறான். நான் அடிப்பள்ளத்துல நின்னு அண்ணாந்து பாக்கறேன்."

தன்னைக் கேலி செய்துகொண்டுதான் அதைச் சொன்னார். மகளும் சிரித்தாள். டீச்சருக்குச் சோறு இறங்கவில்லை.

திங்கட்கிழமை காலை மேனேஜர் கூப்பிட்டார்.

"கப்பல்காரம்மா புதன்கிழமை வர்றாங்க. முத்துமாலை பாக்கணுமாம். இந்தத் தரம் கீழ இல்ல, மாடியில."

டீச்சரின் கை தானாகத் தலைமுடியைச் சரிசெய்தது. கப்பல்காரம்மா அவளுடைய வாடிக்கை. மூன்று சரக்குக் கப்பலுக்குச் சொந்தக்காரி. வருடத்துக்கு ஒரு தரம் வந்து தனக்குத்தானே ஒரு நகை வாங்கிக்கொண்டு போவார். பதினோரு வருடம், பதினோரு நகை. ஒவ்வொன்றும் டீச்சர் கையால் பெட்டியில் வைத்தது. அவர் வரும் நாளில் மற்ற யாரும் அந்தப் பக்கம் போவதில்லை.

"நான் பாத்துக்கறேன் சார்."

மேனேஜர் மேஜை மேல் இருந்த தாள்களை அடுக்கினார். அடுக்கியதையே திரும்ப அடுக்கினார். "இல்ல... அவங்க சென்ட்டைக் கேக்கறாங்க."

"யாரை?"

"நம்ம சென்ட்டை. சென்ட் கவுண்டர்ல இருந்த பொண்ணு நகைக்கு வந்துட்டாளாமே, அவளே காட்டட்டும்னாங்க. ஒரு மாறுதலுக்காம்."

"மாறுதலுக்கு."

"பெருசா எடுத்துக்காதீங்க. அவங்க கார்டை மட்டும் புதுசா எழுதி அவகிட்ட குடுத்துடுங்க. ஒண்ணும் விடாம. உங்களுக்குத் தெரியாததா?" பிறகு, ஏதோ நினைவு வந்தவர் போல, "புதன்கிழமை எப்படிப் போகுதுன்னு பாத்துட்டு மாடி விஷயத்தையும் முடிச்சிடலாம்னு இருக்கேன்" என்றார்.

டீச்சர் தலையாட்டிவிட்டு வெளியே வந்தாள். கால் வலித்தது. பதினோரு வருட வலி மொத்தமும் அந்த நிமிடத்தில் சொல்லிவைத்தாற்போல் வந்தது.

மதியம் ஊழியர் அறையில் உட்கார்ந்து எழுதினாள். அங்கே மட்டும் உட்காரலாம், அரைமணி நேரம். கார்டு பென்சிலில்தான் எழுத வேண்டும். கழுத்தளவு மாறும், விரல் அளவு மாறும், கணவர்களும் மாறுவார்கள். நோட்டைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்து எழுதினாள். மேடம் என்று கூப்பிடக் கூடாது, அம்மா. சர்க்கரை இல்லாத டீ. மஞ்சள் சாயல் முத்து ஆகாது, வெள்ளையில் இளஞ்சிவப்பு. கொக்கி சின்னதாக இருந்தால் விரல் தடுமாறும், பெரியதாக எடு. விலையைச் சொல்லாதே, எழுதிக் காட்டு. கணவரைப் பற்றிப் பேச்சு வேண்டாம்.

எல்லாம் உண்மை. ஒரு எழுத்து மாற்றி எழுதவில்லை.

முதல் நோட்டில் இரண்டாம் வருடப் பக்கத்துக்கு வந்தபோது பென்சில் நின்றது.

"இடது காது கேக்காது. வலப்பக்கம் நில். தெரிந்ததாகக் காட்டாதே."

அவளே கண்டுபிடித்தது. கப்பல்காரம்மா அதை யாரிடமும் சொன்னதில்லை. முடியை இடப்பக்கம் முன்னால் விட்டு மறைத்திருப்பார். போனை இடது கையில் எடுத்து வலது காதுக்குக் கொண்டுபோவார். ஒரு தரம் அவர் இடப்பக்கம் காவலாளி சாவிக்கொத்தைக் கீழே போட்டான். கடையே திரும்பியது. அவர் திரும்பவில்லை. அன்று டீச்சர் கவுண்டரைச் சுற்றி வந்து அவருக்கு வலப்பக்கம் நின்றாள். பிறகு எப்போதும் அங்கேதான்.

கைக்கடிகாரப் பிரிவில் ஒருவன் இருந்தான். ஒரு தரம் அவருக்கு இடப்பக்கம் நின்று அரைமணி நேரம் பேசினான். "என்ன முணுமுணுக்கறே? மரியாதை தெரியாதா?" என்று சொல்லிவிட்டு அவர் எழுந்து போனார். அந்த வருட நகையை வாங்க எட்டு மாதம் கழித்துத்தான் வந்தார். அவன் வேறு கடைக்குப் போனான்.

மாடி அறையில் விற்பவரின் நாற்காலி வாங்குபவருக்கு இடப்பக்கம் இருந்தது. போன் அங்கே இருந்ததால்.

டீச்சர் பென்சிலைக் கீழே வைத்தாள். கார்டில் இடம் முடிந்திருந்தது. பின்பக்கம் இருந்தது.

சென்ட்டு கார்டை வாங்கிப் பார்த்து வாயைப் பிளந்தாள். "அம்மாடி! இவ்வளவா? எப்படிக்கா இதெல்லாம் கண்டுபிடிச்சீங்க? எனக்குப் பயமா இருக்கு, என்னைப் பத்தியும் எழுதி வெச்சிருப்பீங்க போல."

"உன்னைப் பத்தி எழுத என்ன இருக்கு?"

சென்ட்டு சிரித்தாள். அவளுக்கு எதுவுமே தைக்காது. "வேற ஏதாவது இருக்காக்கா? நான் பாட்டுக்கு உளறிடுவேன், தெரியும்ல?"

நேராகக் கண்ணைப் பார்த்துக் கேட்டாள். டீச்சர் நோட்டைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

"அவ்வளவுதான்."

புதன்கிழமை பதினொன்றரைக்குக் காவலாளி கதவைத் திறந்து பிடித்தான். கப்பல்காரம்மா கைத்தடி இல்லாமல், நிமிர்ந்து, மெதுவாக வந்தார். நகைப் பிரிவைக் கடக்கும்போது நின்றார். டீச்சரின் கால்கள் பழக்கத்தில் அவருக்கு வலப்பக்கம் போய் நின்றன.

"என்னம்மா, கோவமா?"

"ஐயோ, எனக்கென்னம்மா கோவம்?"

"வருஷா வருஷம் ஒரே கையால வாங்கி அலுத்துப் போச்சு. அதான்." கன்னத்தில் தட்டிவிட்டு மாடிப்படி ஏறினார். சென்ட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். கையைப் பிடிக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை. கார்டிலும் இல்லை. பதினோரு வருடத்தில் டீச்சர் அந்தக் கையை விரல் அளவு எடுக்க மட்டும்தான் தொட்டிருந்தாள்.

டீச்சர் ஏற்கெனவே துடைத்த கண்ணாடியைத் துடைத்தாள். தலைக்கு மேலேதான் அந்த அறை. நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பிறகு ஒன்றும் இல்லை. எதிர்ச்சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். இருபது நிமிடம் தாங்கும் என்று கணக்கு வைத்திருந்தாள். அதற்குள் மாடிப்படியில் காலடி கேட்க வேண்டும். தனியாக, வேகமாக.

"என்ன டீச்சர், உங்க மாணவிக்கு இன்னைக்குப் பரீட்சையா?" என்றான் காவலாளி.

"நீ கதவைப் பாரு."

"கதவு எங்கயும் போகாது. உங்க கண்ணுதான் மாடிப்படியிலயே இருக்கு."

பத்து நிமிடம். பதினைந்து. பிறகு ஒரு சத்தம் வந்தது. டீச்சருக்கு முதலில் புரியவில்லை. கப்பல்காரம்மா சிரிக்கிறார். அவர் சத்தம் போட்டுச் சிரித்து டீச்சர் கேட்டது இரண்டே முறை. இரண்டும் தேதியோடு நோட்டில் இருந்தன.

கவுண்டர் போன் அடித்தது.

"அக்கா, முத்துத் தட்டு அனுப்பறீங்களா? எதுன்னு உங்களுக்கே தெரியும். நீங்களே எடுத்துட்டு வாங்களேன்."

பெட்டகத்தைத் திறந்து மாலைகளைப் பார்த்தாள். மஞ்சள் சாயல் முத்தை எடுத்து வைக்க ஒரு நொடி போதும். கை போகவில்லை. அது வேறு. நகையில் அவளால் தப்பு செய்ய முடியாது. வெள்ளையில் இளஞ்சிவப்பு ஓடும் மாலைகளாகப் பார்த்து மூன்று எடுத்தாள். மூன்றுக்கும் பெரிய கொக்கி. நடுவில் வைத்ததுதான் அந்தக் கழுத்துக்கு ஏற்றது. புது மாலை வந்த அன்றே அவருக்கென்று மனதில் ஒதுக்கியிருந்தாள். தட்டை ஏந்திக்கொண்டு படி ஏறினாள். புதுச் செருப்பு குதிகாலைக் கடித்தது.

அறைக்குள் இடப்பக்க நாற்காலி காலியாக இருந்தது. சென்ட்டு தரையில், கப்பல்காரம்மாவுக்கு நேர் எதிரே, விரிப்பு மேல் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். அந்த அறையில் தரையில் உட்கார்ந்தவர் யாரும் இதுவரை கிடையாது. கப்பல்காரம்மா முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கியிருந்தார். இடது காது வெளியே தெரிந்தது. சாதாரணக் காது.

"வா வா. இவ என்ன பண்ணா தெரியுமா?" என்றார். "இந்தப் பக்கம் உக்காந்து பத்து நிமிஷம் பேசியிருக்கா. எனக்கு ஒண்ணும் விழல. எழுந்து போயிடலாம்னுதான் இருந்தேன். இவ எழுந்து வந்து என் முன்னால மண்டி போட்டு, 'ஏம்மா, நான் பேசறது கேக்கலையா, பிடிக்கலையா?'ன்னு கேக்கறா!"

"தெரியாமத்தானே கேட்டேன்" என்றாள் சென்ட்டு.

"இருபது வருஷமா என்னை ஒருத்தர் அப்படிக் கேட்டதில்ல. சொல்லிட்டேன். இந்தக் காது செத்துப் போய் இருபது வருஷம் ஆச்சுடி, இப்படி முன்னாலயே உக்காருன்னு சொல்லிட்டேன். என் பிள்ளைகிட்டகூட நானா சொன்னதில்ல." அவர் டீச்சர் பக்கம் திரும்பினார். "உனக்குத் தெரியுமா இது?"

தட்டு டீச்சர் கையில் இருந்தது. மூன்று மாலை.

தெரியாது என்றால் போதும். ஒரு சொல். தட்டை வைத்துவிட்டுப் படியிறங்கலாம். யாருக்கும் எதுவும் தெரியாது. அது அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. கூடவே இன்னொன்றும் தெரிந்தது. தெரியாது என்று சொன்னால் இதை முதலில் தெரிந்துகொண்டவள் சென்ட்டு. ஆறு மாதம் நகை விற்றவள், பேனா இல்லாதவள், பத்து நிமிடத்தில். அந்த இரண்டாம் வருடம், அந்தச் சாவிக்கொத்து, இத்தனை வருடம் கவுண்டரைச் சுற்றி வந்து நின்றது, எல்லாம் இல்லையென்று ஆகும்.

"தெரியும்மா" என்றாள். "பத்து வருஷமா தெரியும்."

கப்பல்காரம்மாவின் முகம் மலர்ந்தது. "பாத்தியா! அதான் எப்பவும் இந்தப் பக்கமா வந்து நிப்பே! நான் வெளிச்சத்துக்காகன்னு நினைச்சேன். கெட்டிக்காரி!"

அந்தச் சொல் காதில் விழுந்ததும் டீச்சருக்குக் குளிர்ந்தது. அவள் சென்ட்டைப் பார்த்தாள், வேண்டுமென்றே.

சென்ட்டு அவளைப் பார்க்கவில்லை. மேஜை மேல் இருந்த கார்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கையை நீட்டி எடுத்தாள். ஒருமுறை படித்தாள். திருப்பினாள். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. அதையும் படிப்பதுபோல் பார்த்தாள். பிறகு கார்டை இருந்த இடத்திலேயே வைத்தாள்.

கப்பல்காரம்மா மூன்று கப்பலை வைத்து நடத்துபவர். அவர் கார்டைப் பார்த்தார், சென்ட்டைப் பார்த்தார்.

"அப்ப இவகிட்ட நீ சொல்லலையா?"

"மறந்துட்டேம்மா."

"நீயா?"

அவ்வளவுதான் கேட்டார். குரலில் கோபம் இல்லை. சந்தேகம் கேட்பதுபோல் இருந்தது. டீச்சர் தட்டை மேஜையில் வைத்தாள். தட்டு லேசாக ஆடி முத்துகள் ஒன்றோடொன்று உரசின. கப்பல்காரம்மா சென்ட்டு பக்கம் திரும்பி, "அந்த நடுவுல இருக்கறதை எடு" என்றார்.

டீச்சர் கதவைச் சாத்திக்கொண்டு இறங்கினாள்.

நடு மாலை விற்றது. சென்ட்டுதான் பெட்டியில் வைத்தாள். போகும்போது கப்பல்காரம்மா நகைப் பிரிவைக் கடந்தார். டீச்சர் பக்கம் தலையசைத்தார். எல்லோருக்கும் அசைப்பதுபோல்.

இனி மேனேஜர் கூப்பிடுவார் என்று டீச்சர் காத்திருந்தாள். கூப்பிட்டார். கை குலுக்கினார். "மாலையை நீங்கதான் தேர்ந்தெடுத்தீங்களாமே, சென்ட்டு சொன்னா. ரெண்டு பேரும் ஒத்துமையா பண்ணிட்டீங்க." வேறொன்றும் சொல்லவில்லை. அவருக்கு வேறொன்றும் தெரிந்திருக்கவில்லை.

டீச்சர் ஊழியர் அறைக்குப் போனாள். சென்ட்டு செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டி டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் சொல்லல?" என்றாள் டீச்சர், நின்றபடியே.

"என்னத்தை?"

"நடிக்காதே."

சென்ட்டு டம்ளரை வைத்தாள். "சொல்லி? உங்களை ரெண்டு திட்டு திட்டுவார். எனக்கு என்ன கிடைக்கும்? நீங்க எடுத்த மாலைதான் வித்துச்சு. அதைத்தான் சொன்னேன்."

டீச்சர் ஒரு சண்டைக்குத் தயாராகி வந்திருந்தாள். சண்டையில் பேச வேண்டியதெல்லாம் வைத்திருந்தாள். இவள் அதையும் எடுத்துக்கொண்டாள். நல்லவளாகவும் இவளே இருக்கிறாள்.

"கோவம் இல்லையா உனக்கு?"

"இருக்கு. அன்னைக்கு உங்க கண்ணைப் பாத்துக் கேட்டேன்ல, வேற ஏதாவது இருக்கான்னு? அது இருக்கு." சென்ட்டு செருப்பை மாட்டினாள். "மாடி எனக்குத்தான்னு சார் சொல்லிட்டார். உங்க வாடிக்கை எல்லாரும் இனி மேலதான் வருவாங்க. கார்டெல்லாம் எனக்கு வேணும்க்கா. ஆனா நோட்டோட வேணும்."

"நோட்டு என்னுது."

"தெரியும். கடைக்குச் சொந்தமில்ல, குடுக்கணும்னு கட்டாயமும் இல்ல."

"குடுக்க மாட்டேன்."

டீச்சர் பையை மார்போடு பிடித்திருந்தாள். அவளிடம் மிச்சம் இருந்தது அதுதான். ஐந்து நோட்டு. பதினோரு வருடம் பார்த்ததெல்லாம். இவள் கெஞ்சட்டும் என்று காத்திருந்தாள்.

சென்ட்டு பையைப் பார்த்தாள். பிறகு தோளைக் குலுக்கினாள்.

"சரிக்கா. அப்ப ஒவ்வொருத்தரையா அவங்ககிட்டயே கேட்டுக்கறேன்."

டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனாள். வாசனை நின்றது.

மறுநாள் காலை, கதவு திறக்க அரைமணி நேரம் இருந்தது. மாடிக்குப் போக வேண்டிய கார்டுகளைப் பிரித்து அடுக்கும் வேலை டீச்சருக்கு. தட்டைச் செருப்புதான் போட்டிருந்தாள். கப்பல்காரம்மாவின் கார்டு கைக்கு வந்தது. முன்பக்கம் அவள் கையெழுத்து, நேர் வரியாக, சிறிதாக. திருப்பினாள். பின்பக்கம் இப்போது வெறுமையாக இல்லை. கோணலாக, பெரிதாக, யாரிடமோ வாங்கிய பென்சிலில் எழுதியிருந்தது.

"இடது காது கேக்காது. அம்மாவே சொன்னாங்க."

டீச்சர் பையிலிருந்து நோட்டுகளை எடுத்தாள். முதல் நோட்டைப் புரட்டினாள். இரண்டாவதை. மூன்றாவதை. வெளுத்த விரல், நடுங்கும் கை, கிழிந்த காது மடல், தேய்த்த பெயர். எல்லாம் பார்த்தது. எவராவது அவளிடம் சொன்னது என்று ஒன்று இருக்கும், எங்காவது இருக்கும் என்று ஐந்தாவது நோட்டின் கடைசிப் பக்கம் வரை தேடினாள். வெளியே காவலாளி ஷட்டரைத் தூக்கினான்.

அவள் ரப்பரை எடுத்தாள். முதல் வரியைத் தொடவில்லை. அது உண்மை, கார்டில் இருக்க வேண்டியது. இரண்டாவது வரியை மட்டும் அழித்தாள். மெதுவாக, கார்டு கசங்காமல். தூளை ஊதிவிட்டாள்.

சென்ட்டு பென்சிலை அழுத்தி எழுதுபவள். டீச்சர் கார்டை விளக்கடிக்குக் கொண்டுபோய்ச் சாய்த்துப் பிடித்தாள். அழித்த எழுத்து முழுசாகத் தெரிந்தது.